கையும் களவுமாகப் பிடித்தேன், இப்போது என் மீதே நோட்டீஸ்!

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிறு நகரத்தில் பதினோரு வருடமாகப் பல்பொருள் அங்காடி நடத்துகிறேன். மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு நாள் இரவு ஏழு மணி இருக்கும். முப்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் இரண்டு நெய் பாட்டில்களையும் ஒரு பால் பவுடர் டின்னையும் தன் பைக்குள் போடுவதைக் கடைப் பையன் நேரில் பார்த்தான். பில் போடும் இடத்தைத் தாண்டி அவர் வாசல் படியில் கால் வைத்ததும் நிறுத்தினோம். பொருளின் மதிப்பு 1,840 ரூபாய். பின்பக்கம் இருக்கும் ஸ்டாக் ரூமில் உட்கார வைத்து, பையைக் கொட்டிப் பார்த்து, 'திருடியது உண்மை' என்று எழுதி வாங்கினோம். அவருடைய தம்பியை வரச் சொல்லி அபராதமாக 5,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒன்பதரைக்கு அனுப்பிவிட்டோம். பாவம், போலீஸ், கோர்ட் என்று அந்தக் குடும்பம் அலைய வேண்டாமே என்றுதான் இப்படிச் செய்தேன். யாரும் அவரை அடிக்கவில்லை. இப்போது அடைத்து வைத்தேன், பணம் பறித்தேன், வீடியோ பரப்பினேன் என்று எனக்கு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. ஸ்டாக் ரூம் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் இருப்பதாகவும் அதில் எழுதியிருக்கிறார்கள். வீடியோவை எங்கள் வியாபாரிகள் வாட்ஸ்அப் குரூப்பில் எச்சரிக்கைக்காக மட்டும்தான் போட்டேன். திருடரைப் பொதுமக்களே பிடிக்கலாம், ஆறு மணி நேரம் வரை வைத்திருக்கலாம் என்று புதுச் சட்டத்தில் இருப்பதாகச் சொல்கிறார்களே? அப்படியென்றால் நான் செய்தது எப்படித் தப்பாகும்? (பெயர், ஊர் வேண்டாம்)

பதில்:

ஐயா, வாசல் படியில் அவரை நிறுத்தியது வரைக்கும் உங்களுக்காகப் பேச என்னிடம் விஷயம் இருக்கிறது. ஸ்டாக் ரூம் கதவைச் சாத்திய நிமிடத்திலிருந்து கொஞ்சம் கஷ்டம்தான். ஏன் என்று சொல்கிறேன்.

பொதுமக்கள் பிடிக்கலாம் என்பது உண்மை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், கோர்ட்டில் நாங்கள் பி.என்.எஸ்.எஸ். என்போம்) 40ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஆனால் இது புதுச் சட்டம் கொடுத்த புது உரிமை இல்லை. 1973ஆம் வருடத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதுவே 43ஆம் பிரிவு, வெள்ளைக்காரன் காலத்து 1898 சட்டத்தில் 59ஆம் பிரிவு. போலீஸ் ஸ்டேஷன் இருபது மைலுக்கு அப்பால் இருந்த காலத்தில், வழிப்பறிக்காரனை ஊரார் மடக்கினால் அது குற்றமாகிவிடக் கூடாதே என்று வைத்த ஏற்பாடு. இப்போது புதிதாகச் சேர்ந்தது அந்த ஆறு மணி நேரம் மட்டும்தான்.

பிரிவு சொல்வது இவ்வளவுதான். உங்கள் முன்னிலையில் ஒருவர் ஒரு குற்றத்தைச் செய்கிறார். அது போலீஸ் பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றமாகவும் இருக்க வேண்டும், ஜாமீனில் வெளிவர முடியாத குற்றமாகவும் இருக்க வேண்டும். அப்படியானால் நீங்கள் அவரைப் பிடிக்கலாம், அல்லது பிடிக்கச் செய்யலாம். கோர்ட் தலைமறைவுக் குற்றவாளி என்று பிரகடனம் செய்த ஆளையும் பிடிக்கலாம். பிடித்தபின் தேவையில்லாத தாமதம் இல்லாமல், எப்படியும் ஆறு மணி நேரத்துக்குள், போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். போலீஸ் அங்கே இல்லையென்றால் பக்கத்து ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விட வேண்டும். அதற்கு மேல் உங்களுக்கு அதில் வேலை இல்லை. அவரை முறைப்படி தங்கள் காவலில் எடுப்பதா, பெயர் விலாசம் வாங்கிக்கொண்டு விடுவதா, குற்றமே இல்லையென்று உடனே அனுப்பிவிடுவதா என்பதெல்லாம் போலீஸ் முடிவு செய்ய வேண்டியது.

'முன்னிலையில்' என்ற சொல்லைச் சும்மா தாண்டிவிடாதீர்கள். 1898 சட்டத்தில் 'பார்வையில்' என்றே இருந்தது. உங்கள் கடைப் பையன் கண்ணால் பார்த்திருக்கிறான், அது நல்லது. அவன் பிடிக்கலாம், உங்களைக் கூப்பிட்டும் பிடிக்கச் செய்யலாம். யாரோ "திருடன், திருடன்" என்று கத்த, ஓடுகிறவரை எதிரில் வந்தவர் மடக்கினால் அவர் எதையும் பார்க்கவில்லை, கேட்டது கூச்சல் மட்டும்தான். நேற்று எடுத்ததை இன்று கேமராப் பதிவில் கண்டுபிடித்து, மறுநாள் அதே ஆள் கடைக்கு வந்ததும் பாய்ந்து பிடிப்பதும் இதில் வராது. அந்த இடத்தில் போனை எடுத்து 100க்கு அடிப்பதுதான் சரி. கேமராவை நேரலையில் பார்த்துக்கொண்டே பிடித்தால் அதுவும் முன்னிலைதான் என்று நான் வாதாடுவேன். ஒத்துக்கொள்வதும் ஒத்துக்கொள்ளாததும் மாஜிஸ்திரேட் கையில்.

'ஜாமீனில் வெளிவர முடியாத' என்பதைப் பத்திரிகைகள் எழுதி எழுதிப் பயங்கரமாக்கிவிட்டன. ஜாமீனே கிடைக்காது என்று அதற்குப் பொருள் இல்லை. ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது, கோர்ட் பார்த்துத் தர வேண்டும், அவ்வளவுதான். கொலை, கொள்ளை, வீடு புகுந்து திருடுவது, புதுச் சட்டத்தில் தனிக் குற்றமாகியிருக்கும் செயின் பறிப்பு எல்லாம் இதில் வரும். ஜனங்கள் கோபத்தோடு பிடித்து வைக்கிற பல விஷயங்கள் இதில் வருவதில்லை. பைக்கில் போனவர் பஸ்ஸில் அடிபட்டு இறந்துவிடுகிறார், கூட்டம் கூடி டிரைவரைக் கீழே இறக்கிச் சட்டையைப் பிடிக்கிறது. கவனக்குறைவால் மரணம் என்பது சாதாரணமாக ஜாமீனில் விடக்கூடிய குற்றம். டிரைவரைப் பிடித்து வைக்க அந்தக் கூட்டத்துக்கு 40ஆம் பிரிவு இடம் தரவில்லை. கடன் வாங்கித் தவணை கட்டாதவரைப் பிடித்து வைப்பதற்கோ எந்தப் பிரிவும் கிடையாது, அது குற்றமே இல்லை.

இனி உங்கள் 1,840 ரூபாய்க்கு வருவோம். இங்கேதான் உங்களுக்கு யாரும் சொல்லாத சிக்கல் ஒன்று இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் நூறு ரூபாய்த் திருட்டும் திருட்டுதான், ஜாமீனில் வெளிவர முடியாததுதான். அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் (சுருக்கமாக பி.என்.எஸ்.) 303ஆம் பிரிவு அதை மாற்றிவிட்டது. திருடிய பொருள் 5,000 ரூபாய்க்குக் குறைவு, முதல் தடவை தண்டனை பெறுகிறவர், பொருளையோ மதிப்பையோ திருப்பித் தந்துவிட்டார் என்றால் தண்டனை சமூக சேவை. நடைமுறைச் சட்டத்தின் அட்டவணையில் இந்த வகைத் திருட்டு போலீஸ் தானாகக் கைது செய்ய முடியாத, ஜாமீனில் விடக்கூடிய குற்றமாக இறங்கிவிட்டது. போலீசே மாஜிஸ்திரேட்டைக் கேட்காமல் கைது செய்யவோ விசாரிக்கவோ முடியாத குற்றத்துக்கு நீங்கள் எப்படிக் கைது செய்வீர்கள்? நோட்டீஸ் அனுப்பிய வக்கீல் விவரம் தெரிந்தவரானால் முதல் கேள்வியே இதுதான்.

நமக்கும் ஒரு பதில் உண்டு. 305ஆம் பிரிவு, குடியிருக்கும் கட்டடத்திலோ பொருளைப் பாதுகாத்து வைக்கும் கட்டடத்திலோ நடக்கும் திருட்டைத் தனியாகப் பார்க்கிறது. ஏழு வருடம் வரை சிறை, ஜாமீனில் வெளிவர முடியாது, அதில் 5,000 கணக்கும் கிடையாது. கடையும் சரக்கு வைக்கும் இடம்தானே என்று வாதாடலாம், நான் வாதாடுவேன். ஆனால் இந்த வாதத்தை நம்பி நாளைக்கு இன்னொருவரை நீங்கள் நிறுத்தி வைக்க வேண்டாம். இரண்டு நெய் பாட்டிலுக்காக வக்கீலுடைய வாதத்திறமையை நம்பி நிற்பது வியாபாரத்துக்குக் கட்டுப்படியாகாது.

பில் போடும் இடத்தைத் தாண்டும் வரை காத்திருந்தீர்களே, அதைச் சரியாகச் செய்திருக்கிறீர்கள். நேர்மையில்லாத எண்ணத்தோடு பொருளை நகர்த்தினாலே திருட்டு என்பது சட்டம். என்றாலும் தானே எடுத்துக்கொள்ளும் கடையில், "பில் போடத்தானே வந்துகொண்டிருந்தேன்" என்று அவர் சொல்லிவிட்டால் உங்களிடம் பதில் இருக்காது. வாசலில் அந்தச் சாக்கு செல்லாது.

சரி, ஆறு மணி நேரம். நீங்கள் வைத்திருந்தது இரண்டரை மணி நேரம், அப்படியானால் தப்பித்தோம் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். ஆறு மணி நேரம் என்பது உங்களுக்குக் கொடுத்த அவகாசம் இல்லை, கடைசி எல்லை. மலைக்கிராமத்திலும் காட்டுப் பாதையிலும் மழையில் ரோடு அறுந்த ஊரிலும் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர நேரம் ஆகும் என்பதற்காக வைத்தது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். 'தேவையில்லாத தாமதம் இல்லாமல்' என்ற சொல் அதற்கு முன்னால் அப்படியே நிற்கிறது. டவுனில் பத்து நிமிடத்தில் ஸ்டேஷனுக்கு நடந்து போய்விடும் தூரத்தில் இரண்டரை மணி நேரம் எதற்கு என்று கேட்பார்கள். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. ஒப்படைக்கும் எண்ணமே உங்களுக்கு இல்லை என்று நீங்களே எனக்கு எழுதியிருக்கிறீர்கள். 40ஆம் பிரிவு ஒப்படைப்பதற்காகப் பிடிப்பதை மட்டும்தான் காப்பாற்றும். 100க்கு ஒரு போன்கூடப் போகாத இரண்டரை மணி நேரம் சட்டப்படி கைதே ஆகாது, அது அடைத்து வைத்தது. பி.என்.எஸ். 127ஆம் பிரிவு, ஓராண்டு வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அந்த அறைக்குள் நடந்தது அதற்கும் மேல். பையைக் கொட்டிப் பார்த்தீர்கள். பொதுமக்கள் பிடித்த ஆளைச் சோதனை போடும் அதிகாரம், அவரைப் பெற்றுக்கொள்ளும் போலீஸ் அதிகாரிக்குத்தான் இருக்கிறது, பிடித்தவருக்கு இல்லை. பெண் என்றால் இன்னொரு பெண்ணைக் கொண்டுதான் சோதிக்க வேண்டும், அதுவும் மரியாதை குறையாமல். பிடித்தவர் செய்யலாம் என்று சட்டம் சொல்வது ஒன்றே ஒன்று, அவரிடம் கத்தி, அரிவாள் போன்ற ஆயுதம் இருந்தால் வாங்கி வைத்துக்கொள்ளலாம். அதையும் போலீசிடம் கொடுத்துவிட வேண்டும். உங்கள் பொருளை அவர் கையிலிருந்து திரும்ப வாங்கலாம், அது சொத்தைக் காத்துக்கொள்ளும் உரிமை. பால் பவுடர் டின் உங்கள் கைக்கு வந்துவிட்டால் அந்த உரிமை அதோடு முடிந்தது.

எழுதி வாங்கிய கடிதத்தைப் பத்திரமாக வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது உங்களுக்குச் சாட்சி என்று எண்ணாதீர்கள், அவருக்குத்தான் சாட்சி. பூட்டிய அறையில், நாலு ஆண்களுக்கு நடுவில், இரவு எட்டு மணிக்கு ஒரு பெண் எழுதிக் கொடுத்த ஒப்புதலுக்குக் கோர்ட்டில் மதிப்பு ரொம்பக் குறைவு. ஒப்புதல் வாங்கவோ பொருளைத் திரும்ப வாங்கவோ அடைத்து வைத்தால் அதற்கென்றே அதே 127இல் தனி உட்பிரிவு இருக்கிறது, மூன்று வருடம் வரை சிறை. அதற்காக அடித்திருந்தால் ஏழு வருடம் வரை. அடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். கடைப் பையன்களையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இப்போது அந்த 5,000 ரூபாய். அபராதம் போடுவது கோர்ட்டின் வேலை. 1,840 ரூபாய்ப் பொருள் உங்கள் கைக்குத் திரும்பி வந்த பிறகும், 'பணம் தந்தால்தான் அக்காவை விடுவோம்' என்ற நிலையில் தம்பியிடம் வாங்கிய பணத்தை மிரட்டிப் பறித்தல் என்று போலீஸ் எழுதினால் எனக்கு ஆச்சரியம் இருக்காது. பி.என்.எஸ். 308, ஏழு வருடம் வரை. அது போலீஸ் தானாகக் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம். இதைக் கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். அன்றைக்கு உங்கள் கடையில் இருந்தவர்களில், 40ஆம் பிரிவின் இரண்டு நிபந்தனையும் சந்தேகமில்லாமல் பொருந்துகிற ஆள் அந்தப் பெண் இல்லை, நீங்கள். வந்த தம்பிக்குச் சட்டம் தெரிந்திருந்தால் உங்களைப் பிடித்து ஸ்டேஷனில் ஒப்படைத்திருக்கலாம்.

கோபப்படாதீர்கள். நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஸ்டேஷனுக்குப் போனால் "ரெண்டு பாட்டிலுக்கா வந்தீங்க?" என்று கேட்பார்கள், அரை நாள் போய்விடும், கல்லாவில் யார் உட்காருவது? இந்த நடைமுறைக் கஷ்டம் எனக்கும் தெரியும். இதனால்தான் ஊருக்கு ஊர் 'நாமே முடித்துவிடுவோம்' என்று ஆரம்பிக்கிறார்கள். ஆரம்பித்தது எங்கே போய் நிற்கும் என்பதற்கு என் ஜூனியர் காலத்துக் கதை ஒன்று சொல்கிறேன்.

ஒரு கிராமத்தில் பைக் திருட வந்த இளைஞனை விடியற்காலையில் பிடித்துவிட்டார்கள். வண்டியின் லாக்கை உடைத்துத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போயிருக்கிறான். கையும் களவுமாகத்தான் பிடிபட்டான், சந்தேகமே இல்லை. மின்கம்பத்தில் கட்டினார்கள். அடுத்த நாள் பேப்பரில் நீங்களும் நானும் நூறு முறை படித்த அதே வரிதான்: 'பொதுமக்கள் பிடித்து, தர்ம அடி கொடுத்து, போலீசில் ஒப்படைத்தனர்.' அந்த அடியில் என்ன தர்மம் இருக்கிறது என்று எந்தச் செய்தி ஆசிரியரும் இதுவரை எனக்குச் சொல்லவில்லை. ரிமாண்டுக்கு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியபோது "யாராவது அடித்தார்களா?" என்று வழக்கமான கேள்வியைக் கேட்டார். அவன் சட்டையைத் தூக்கிக் காட்டினான். ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், டாக்டர் எழுதிய ஏ.ஆர். காப்பியில் (ஆஸ்பத்திரியின் காயப் பதிவேட்டு நகல்) 'தெரிந்த பத்து நபர்கள் கையாலும் கட்டையாலும் தாக்கியதாக' என்று வந்துவிட்டது. ஆக இரண்டு வழக்கு. ஒன்றில் அவன் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட்டில் அப்படித்தான் சொல்வோம்), மற்றதில் ஊரார் எதிரிகள்.

ஊரார் வழக்கில் என் சீனியர் ஆஜரானார். கட்டிய கயிறு பழுப்புக் கவரில் சுற்றி, அரக்கு வைத்து, சான்றுப் பொருள் ஒன்று என்று சீட்டு ஒட்டி மேஜைக்கு வந்தது. மாடு கட்டும் கயிறு, முடிச்சில் சாணம் காய்ந்திருந்தது. அதைப் பிரித்துக் காட்டியதும் கூண்டில் நின்ற பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "தம்பி, அது எங்க வீட்டுக் கயிறு, அதத் திருப்பிக் குடுத்துருவாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. திருட்டு வழக்கு என்ன ஆனது தெரியுமா? 'நான்தான் பிடித்தேன்' என்று கூண்டேறிச் சாட்சி சொல்ல யாரும் முன்வரவில்லை. பிடித்தேன் என்று சொன்னால் அடித்த கூட்டத்தில் இருந்தேன் என்று தானே ஒத்துக்கொண்டதாகிவிடும் அல்லவா! சாட்சி இல்லை, விடுதலை. ஊரார் மட்டும் வருடக்கணக்கில் வாய்தாவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். அன்றைக்கு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து ஸ்டேஷனுக்குப் போன் போட்டிருந்தால், பிடித்த நாலு பேருமே நல்ல சாட்சிகள்.

இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய கதை. எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. கோவைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் அட்டப்பாடியில், 2018 பிப்ரவரியில், கடையில் அரிசி திருடினார் என்று ஒரு பழங்குடி இளைஞரைக் காட்டிலிருந்து பிடித்து வந்து, கையைக் கட்டி, அடித்து, படமும் எடுத்துவிட்டுப் போலீசில் ஒப்படைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவர் இறந்துவிட்டார். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது, 13 பேருக்கு ஏழு வருடக் கடுங்காவல். அதே 2018 மே மாதம் நம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த சென்னைக் குடும்பத்தில் ஒரு மூதாட்டி பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தியை நம்பிய கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அவர்களும் 'பிடித்தோம்' என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பிடிக்கும்போது எவ்வளவு பலம் பயன்படுத்தலாம் என்று சிலர் கேட்பார்கள். திமிறினால் அடக்கத் தேவையானது, ஓடாமல் தடுக்கத் தேவையானது, அதற்கு மேல் ஒரு பங்குகூட இல்லை. ஏன் பிடிக்கிறோம் என்பதை உடனே அவரிடம் சொல்ல வேண்டும், இது போலீசுக்கு மட்டுமல்ல, பிடிக்கும் எவருக்கும் பொருந்தும். பெண்ணைத் தொட்டு இழுத்தால் அதில் வேறொரு பெரிய வழக்கு காத்திருக்கிறது. சூரியன் மறைந்த பிறகு ஒரு பெண்ணைக் கைது செய்யப் போலீசுக்கே விதிவிலக்கான காரணமும், பெண் போலீஸ் அதிகாரியும், மாஜிஸ்திரேட் அனுமதியும் வேண்டும் என்கிறது சட்டம். இரவு ஏழு மணிக்கு நீங்கள் எந்த இடத்தில் நின்றீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி வீட்டுக்குள் கத்தியோடு புகுந்தவன் கதை வேறு. அங்கே தற்காப்பு உரிமை பேசும், அதன் எல்லை இதைவிட அகலம். உங்கள் கடையில் கத்தியும் இல்லை, உயிர்பயமும் இல்லை, எனவே அதை இங்கே இழுக்க வேண்டாம். பெரிய கடைகளில் யூனிபார்மோடு நிற்கும் செக்யூரிட்டிக்கு அதிகம் அதிகாரம் உண்டு என்றும் ஒரு நினைப்பு இருக்கிறது. இல்லை, அவருக்கும் உங்களுக்கும் எனக்கும் அதே 40ஆம் பிரிவுதான்.

நோட்டீஸ் விஷயத்துக்கு வருகிறேன். வீடியோவை முதலில் குரூப்பிலிருந்து நீக்குங்கள், மற்றவர்களையும் நீக்கச் சொல்லுங்கள். எந்தக் கோர்ட்டும் சொல்லாத நிலையில் ஒருவரைத் திருடி என்று முகம் காட்டிப் பரப்புவது அவதூறு வழக்குக்கு இடம். (நல்ல வேளை, அவர் பெரியவர். பதினெட்டு வயதுக்குக் கீழ் இருந்து முகத்தை வெளியிட்டிருந்தால் சிறார் நீதிச் சட்டப்படி அதுவே தனிக் குற்றம்.) நீக்குவதற்கு முன் எத்தனை பேர் குரூப்பில் இருக்கிறார்கள், யார் யார் அதை மற்றவர்களுக்கு அனுப்பினார்கள் என்பதையும் குறித்து வையுங்கள்.

ஆனால் கடைக் கேமராப் பதிவை மட்டும் அழித்துவிடாதீர்கள். இந்த அறிவுரையை யாராவது நல்ல மனதோடு உங்களுக்குக் கொடுப்பார்கள், கேட்காதீர்கள். சாட்சியாகக்கூடிய மின்னணுப் பதிவை அழிப்பது தனிக் குற்றம். அதோடு அவர் பொருளைப் பைக்குள் போட்டதும் நீங்கள் அடிக்கவில்லை என்பதும் அதில்தான் இருக்கிறது. டி.வி.ஆரில் (கேமராப் பதிவு சேரும் பெட்டி) பழைய பதிவின் மேல் புதுப் பதிவு ஏறிக்கொண்டே இருக்கும், மூன்று வாரம் ஏற்கெனவே போய்விட்டது. இன்றைக்கே கேமரா போட்ட ஆளைக் கூப்பிட்டு அந்த நாள் முழுவதையும் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கோர்ட்டில் கொடுக்க அதற்கு ஒரு சான்றிதழும் வேண்டியிருக்கும், உங்கள் வக்கீல் சொல்வார்.

அந்தப் பெண்ணிடமோ தம்பியிடமோ நீங்களாகப் போய்ப் பேசாதீர்கள், ஆள் அனுப்பவும் வேண்டாம். நோட்டீஸில் சொன்ன கெடுவுக்குள் வக்கீல் மூலம் பதில் கொடுங்கள். 5,000 ரூபாயை அந்தப் பதிலோடு, வங்கி வழியாக, ரசீது இருக்கும்படி திருப்பிக் கொடுங்கள். திருப்பிக் கொடுத்தால் குற்றத்தை ஒத்துக்கொண்டது ஆகாதா என்று கேட்பீர்கள். அதை எப்படி எழுத வேண்டும் என்று வக்கீலுக்குத் தெரியும், வைத்துக்கொள்வதுதான் ஆபத்து. அன்றைக்கு யாராவது சாதிப் பெயரைச் சொல்லிப் பேசினார்களா என்று பையன்களிடம் கேட்டு உண்மையை வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். அந்தப் பெண் பட்டியல் சமூகத்தவரோ பழங்குடியினரோ ஆக இருந்து அப்படி ஒரு வார்த்தை வந்திருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும், அதில் முன்ஜாமீனுக்குச் சட்டமே தடை போட்டிருக்கிறது. வக்கீலிடம் மறைத்து எந்தப் பயனும் இல்லை.

அவர் மீது திருட்டுப் புகார் கொடுப்பதா என்பது அடுத்த கேள்வி. கொடுக்கலாம், ஆனால் நோட்டீஸ் வந்த பிறகு கொடுக்கும் புகாரை 'பதிலுக்குப் பதில்' என்றுதான் பார்ப்பார்கள். நானாக இருந்தால் சமாதானமாகப் போக வழி இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். பால் பவுடர் டின்னைத் திருடிய வீட்டுக்கும் கோர்ட் வாசல் கசக்கத்தான் செய்யும்.

இனிமேல் இப்படி நடந்தால்? வாசலில் நிறுத்துங்கள், காரணத்தைச் சொல்லுங்கள். கல்லாவுக்குப் பக்கத்தில், நாலு பேர் பார்க்க, கேமராவுக்கு நேராக ஒரு நாற்காலி போடுங்கள். பெண் என்றால் பில் போடும் பெண்ணைப் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள். பொருளைத் திருப்பிக் கேளுங்கள், கொடுத்துவிட்டால் இந்த மாதிரி 1,840 ரூபாய் விஷயத்தில் பெயரைக் கேட்டுக்கொண்டு, 'இனி இந்தப் பக்கம் வராதீங்க' என்று அனுப்பிவிடுவது உத்தமம். புகாரைப் பதிவோடு எழுதி மறுநாள் ஸ்டேஷனில் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷன் தரும் ரசீது) வாங்கிக்கொள்ளலாம். பெரிய திருட்டு என்றால் உட்கார வைத்த அந்த நிமிடமே 100க்கோ 112க்கோ அடியுங்கள். நீங்கள் அழைத்த நேரம் போனில் பதிவாகிவிடும், அதைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது.

கடைசியாக ஒரு சின்ன வேலை. ஸ்டாக் ரூம் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் இருப்பதாக நோட்டீஸில் எழுதியிருக்கிறார்கள் என்றீர்கள். சரக்கு அறைக்குப் பூட்டு போதும். விசாரணைக்கு யாராவது வந்து பார்த்து, இருப்பதை இருந்தபடி எழுதி முடிக்கும் வரை அதைத் தொடாதீர்கள். முடிந்த அன்றைக்கே தச்சரைக் கூப்பிட்டு அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள்.